டிஜிட்டல் ஆர்பிஜி புத்தகங்களின் விலை: 30 டாலர் தகுமா?

பகடைமாறி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆர்பிஜி (ரோல்பிளேயிங் கேம்) ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (டி அண்ட் டி) 2024 விதிகளுக்கு மாறலாமா என்று எங்கள் குழுவில் பேச்சு ஓடுகிறது. ஆட்டம் நடத்துபவர் (டிஎம்) நான் என்பதால் புத்தகச் செலவும் என் தலையில்தான். ஆட்டக்காரர்களுக்கான விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் கெட்டி அட்டைப் பிரதி 49.99 டாலர். அவர்களுடைய சொந்த இணையதளமான டி அண்ட் டி பியாண்டில் டிஜிட்டல் வடிவம் 29.99. டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டால்கூட ஒரு புத்தகம் 2,550 ரூபாய். டிஎம் கைடு, மான்ஸ்டர் மேனுவல் இரண்டையும் சேர்த்தால் 7,650.

காகிதம் கிடையாது, அச்சுக்கூலி கிடையாது, கப்பலேற்ற வேண்டியதும் கிடையாது. பிறகு எப்படி அச்சு விலையில் 60 சதவீதம்? பைசோ நிறுவனம் 2009-இல் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின் விதிநூலைக் கொண்டுவந்தபோது 576 பக்கப் புத்தகம் 49.99 டாலர், அதன் பிடிஎஃப் 9.99 டாலர். ஐந்தில் ஒரு பங்கு! அதுதான் நியாயமான கணக்கு என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுத்துப் பேசுங்கள், கேட்கிறேன்.

அச்சுக்கோப்பான்

பக்க வடிவமைப்புதான் என் பிழைப்பு, அதனால் இதில் கொஞ்சம் வாயைத் திறக்கிறேன்.

50 டாலர் புத்தகம் அமெரிக்காவில் கடைக்குப் போகும் வழியைப் பாருங்கள். நடுவில் விநியோகஸ்தர் இருக்கிறார். அவர் பதிப்பாளருக்குக் கொடுப்பது அட்டை விலையில் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது 20 டாலர். அச்சு, சரக்குக் கட்டணம், கிடங்கு வாடகை எல்லாம் அந்த இருபதுக்குள்தான். ஒரு பேச்சுக்கு அதற்கு 8 டாலர் போனால் கையில் நிற்பது 12. இப்போது பிடிஎஃப். ஆர்பிஜி பிடிஎஃப் விற்கும் டிரைவ்த்ரூ ஆர்பிஜி தளத்தில் மட்டும்தான் விற்பேன் என்று ஒப்புக்கொண்ட பதிப்பாளருக்கு விலையில் 70 சதவீதம் கிடைக்கும். வேறு இடத்திலும் விற்றால் 65. அச்சில் நிற்கும் அதே 12 டாலர் பிடிஎஃப்பிலும் நிற்க வேண்டுமானால் விலை 17, 18 டாலராவது இருக்க வேண்டும். 10 டாலருக்கு விற்றால் கையில் வருவது ஆறரை அல்லது ஏழு.

காகிதம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் எழுதியவர், ஓவியர், எடிட்டர், மாதக்கணக்கில் விளையாடிப் பார்த்துக் குறை சொன்னவர்கள், இவர்கள் யாரும் காகிதத்தில் செய்தவர்கள் இல்லை. செலவில் பெரும்பங்கு அங்கேதான்.

பைசோ உதாரணத்துக்கு வருகிறேன். அந்த 9.99 டாலர், செலவைக் கணக்குப் பார்த்து வைத்த விலை இல்லை. விதிநூலைத் தள்ளிவிட்டால் மாதாமாதம் வரும் அட்வென்ச்சர் பாத் (தொடர் சாகசப் புத்தகம்) விற்கும் என்ற கணக்கு. அந்தக் காலத்தில் 96 பக்க அட்வென்ச்சர் பாத் ஒன்றின் பிடிஎஃப் 13.99 டாலர்! 576 பக்கத்தை விட 96 பக்கத்துக்கு விலை அதிகம். போதாக்குறைக்கு அதைத் தங்கள் சொந்தக் கடையிலேயே விற்றார்கள், கமிஷன் போகாது. அதே பாத்ஃபைண்டரின் புதிய விதிநூலான பிளேயர் கோரின் பிடிஎஃப் இன்று 19.99 டாலர் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோ_ட்ரூயிட்

கணக்கெல்லாம் சரி. ஆனால் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. பாத்ஃபைண்டரில் கிடைப்பது பிடிஎஃப். கோப்பு உங்கள் கணினியில் இருக்கும், கடை மூடினாலும் இருக்கும். பியாண்டில் கிடைப்பது கோப்பு இல்லை. அவர்கள் தளத்தில் நுழைந்து படிக்கும் அனுமதி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே முக்கிய விதிநூல்களை அவர்கள் பிடிஎஃப்பாக விற்றதில்லை.

அனுமதி என்றால் என்ன என்பதற்கு 2024 ஆகஸ்ட் நல்ல பாடம். புது விதிகள் வரும்போது கேரக்டர் ஷீட்டில் (ஆட்டக்காரரின் பாத்திரக் குறிப்புத்தாள்) உள்ள பழைய மந்திரங்களையும் மந்திரப் பொருள்களையும் புதியவற்றால் மாற்றிவிடுவோம், பழசு வேண்டுமானால் நீங்களே ஹோம்ப்ரூவாக (சொந்தச் சேர்க்கையாக) தட்டச்சு செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களிடம்! ஊரே கத்திய பிறகு சில நாளில் பின்வாங்கினார்கள். நல்லது. ஆனால் அவர்களால் முடியும் என்பது தெரிந்துவிட்டது இல்லையா? வீட்டு அலமாரியில் இருக்கும் 2014 புத்தகத்தில் யாரும் வந்து பக்கத்தை மாற்ற முடியாது.

அதே ஆண்டு வசந்தத்தில் இன்னொன்றையும் எடுத்துவிட்டார்கள். அதுவரை முழுப் புத்தகம் வாங்காமல் ஒரே ஒரு சப்கிளாஸ் (கிளாஸ் எனும் பாத்திர வகையின் உட்பிரிவு), ஒரே ஒரு மான்ஸ்டர் என்று ஓரிரு டாலருக்கு வாங்கலாம். பிறகு முழுப் புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். ரூபாயில் சம்பாதிக்கிறவர்களுக்கு அதுதான் உருப்படியான வசதி. அது போனதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

(நான் இருப்பது கனடாவில்தான். ஆனால் என் குழுவில் பாதிப் பேர் மதுரையில்.)

குகைவாசல்

ட்ரூயிட் அண்ணா சொல்வது எல்லாம் உண்மை. இருந்தும் நான் பியாண்டில்தான் வாங்குகிறேன், இனியும் வாங்குவேன். காரணம் எளிது. மாஸ்டர் டியர் சந்தா மாதம் 5.99 டாலர். பியாண்டின் அந்தச் சந்தாவை ஆட்டம் நடத்துபவர் ஒருவர் எடுத்தால் போதும். அவர் வாங்கிய புத்தகங்களை அந்தக் கேம்பெயினில் (தொடர் ஆட்டத்தில்) சேர்ந்த எல்லோரும் படிக்கலாம், அதிலிருந்து கேரக்டர் செய்துகொள்ளலாம். எங்கள் மேசையில் நடத்துபவரோடு ஆறு பேர். ஒரு ஹேண்ட்புக் 2,550 ரூபாயை ஆறால் வகுத்தால் 425 ரூபாய். ஒரு நல்ல பிரியாணிக்கும் சினிமா டிக்கெட்டுக்கும் போகும் பணம்.

பிடிஎஃப்பில் இது முடியாது. ஒருவர் வாங்கிய பிடிஎஃப்பை ஆறு பேருக்கு அனுப்பினால் அது திருட்டு. எல்லோரும் அனுப்புகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, புது ஆட்டக்காரர்கள். ஐந்தாம் நிலை விஸார்டுக்கு (மந்திரவாதிப் பாத்திரம்) எத்தனை ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பாதிப் பேர் இரண்டாவது அமர்வுக்கு வரமாட்டார்கள். தளம் அதைத் தானே போட்டுக் கொடுக்கிறது. புத்தகத்துக்கும் சேர்த்து அந்த வேலைக்குத்தான் காசு கொடுக்கிறேன்.

பகடைமாறி

>>மாஸ்டர் டியர் சந்தா மாதம் 5.99 டாலர்

அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் 30 டாலர் மட்டும்தான் என்று நினைத்து ஏமாந்திருப்பேன். மாதம் 500 ரூபாய் என்றால் வருடத்துக்கு ஆறாயிரம். சந்தாவை நிறுத்தினால் பகிர்வும் நின்றுவிடும், அப்படித்தானே?

குகைவாசல்

பகிர்வு நிற்கும். வாங்கிய புத்தகம் உங்கள் கணக்கில் இருக்கும். மொத்த வருடத்துக்கும் ஒரேயடியாகக் கட்டினால் 54.99 டாலர், உங்கள் கணக்கில் 4,700 ரூபாய்ப் பக்கம் வரும். எங்கள் குழுவில் அதையும் ஆறாகப் பிரித்துக்கொள்கிறோம். டிஎம் தலையில் மட்டும் கட்டுவது என்ன பழக்கம்?

பழம்பதிப்பு

விலையை விடுங்கள். படிக்க முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லையே?

பெரும்பாலான ஆர்பிஜி பிடிஎஃப் என்பது அச்சுக்குப் போன கோப்பை அப்படியே ஏற்றுமதி செய்தது. பெரிய தாள், இரண்டு பத்தி, பின்னணியில் பழைய தோல் போல ஒரு நிறம், ஓரத்தில் அலங்காரம். அதை ஃபோனில் திறப்பது கல்யாண ஆல்பத்தைச் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல. பத்தியின் அடிவரை இறங்கி, மறுபடி மேலே ஏறி, வலது பக்கம் தள்ளி... நடுவில் சண்டை ஓடிக்கொண்டிருக்கும், நான்கு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிண்டிலில் திறக்கவே வேண்டாம். அட்டவணைகள் எல்லாம் பொடிப்பொடியாகிவிடும்.

என் அளவுகோல் இதுதான். புக்மார்க் உண்டா? பொருளடக்கத்தில் தட்டினால் அந்தப் பக்கம் போகிறதா? "பக்கம் 214 பார்க்க" என்று இருக்கும் இடத்தில் தட்டினால் 214 வருகிறதா? பின்னணி ஓவியத்தை அணைத்துவிட்டு எழுத்தை மட்டும் அச்செடுக்க லேயர் இருக்கிறதா? நிலவறை வரைபடத்தில் இரகசியக் கதவுகளை மறைத்து ஆட்டக்காரர்களுக்குக் காட்ட முடிகிறதா? இவை இருந்தால் 25 டாலர் கொடுப்பேன். இல்லையென்றால் 5 டாலருக்கும் யோசிப்பேன்.

முன்மாதிரி வேண்டுமானால் மோர்க் போர்க் என்ற ஆர்பிஜி. அச்சுப் புத்தகம் கண்ணைப் பறிக்கும். மஞ்சளும் கறுப்பும், எழுத்து குறுக்கே நெடுக்கே ஓடும். மேசையில் அதில் தேடுவது கஷ்டம் என்று அவர்களுக்கே தெரியும். அலங்காரம் எதுவும் இல்லாமல் விதிகளை மட்டும் ஒரு பதிப்பாக்கி இலவச பிடிஎஃப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அழகுக்கு அச்சு, வேலைக்கு பிடிஎஃப். டிஜிட்டல் பதிப்பு என்றால் இப்படி வேறு வேலை செய்ய வேண்டும்.

70, 80-களின் புத்தகங்களை ஸ்கேன் செய்து விற்பதைப் பற்றித் தனி இழையே போடலாம். சிலவற்றில் எழுத்தைத் தேடினால் கிடைக்கிறது, சிலவற்றில் பக்கம் கோணல். இருந்தாலும் அச்சில் இல்லாத புத்தகத்துக்கு வேறு வழி இல்லை என்பதால் வாங்கிவிடுகிறேன். அங்கே என் அளவுகோலெல்லாம் பறந்துவிடும்!

தாமதத்_தாக்குதல்

டெலிகிராமில் எல்லாமே கிடைக்கிறதே, எதற்கு இத்தனை பேச்சு?

நெறியாளர்

இங்கே சுட்டி கொடுத்தால் கணக்கு முடக்கப்படும். கொள்கை அளவில் விவாதிக்கத் தடையில்லை.

டொராண்டோ_ட்ரூயிட்

கொள்கை அளவில் பேசுவோம் தம்பி. இதே வாதம் 2009-இல் நடந்திருக்கிறது. டி அண்ட் டி நான்காம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2 வந்ததும் கோப்பு இணையத்தில் கசிந்தது. அதை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனம் எட்டு பேர் மேல் வழக்குப் போட்டது. கூடவே, ஏப்ரல் மாதத்தில் தன் பிடிஎஃப் அத்தனையையும் எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்துவிட்டது. விற்பனை மட்டுமல்ல, ஏற்கெனவே வாங்கியவர்கள் மீண்டும் இறக்கிக்கொள்ளும் வசதியும் போனது. 2013 ஜனவரியில்தான் பழைய புத்தகங்கள் திரும்பி வந்தன. கிட்டத்தட்ட நான்கு வருடம், காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்தவனுக்கு வழியில்லை. திருடுகிறவனுக்கு ஒரு குறையும் இல்லை.

டிரைவ்த்ரூவும் 2004-இல் தொடங்கியபோது பூட்டுப் போட்ட கோப்புகளைத்தான் விற்றது. வாங்கியவர்கள் சண்டை போட்டார்கள். பிறகு பூட்டை விட்டுவிட்டு, பக்கத்தின் அடியில் வாங்கியவர் பெயரையும் ஆர்டர் எண்ணையும் பொறிக்கும் முறைக்கு வந்தார்கள். அது எனக்குச் சம்மதம். என் பெயர் போட்ட புத்தகத்தை நான் ஏன் ஊருக்கெல்லாம் அனுப்பப் போகிறேன்?

இலவசக்_காவலன்

இத்தனை பேரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்றைக்கு விதிகளுக்காகக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே பாதி ஆட்டங்களில் கிடையாது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிகள் முழுக்க ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில், பைசோவின் ஒப்புதலோடு, இலவசமாக. ஃபேட் கோர் பிடிஎஃப் விரும்பியதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், சுழியம் உட்பட. அயர்ன்ஸ்வோர்ன் முழுப் புத்தகமும் இலவசம், தனியாளாகவும் ஆடலாம். டி அண்ட் டியிலும், விதிகளைப் பிறர் பயன்படுத்தும் உரிமத்தை மாற்றப் பார்த்ததால் வந்த கலவரம் 2023 ஜனவரியில் முடிந்தபோது, எஸ்ஆர்டி 5.1-ஐ (அடிப்படை விதிகளின் தொகுப்பு) கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டார்கள். 2024 விதிகளுக்கான 5.2-உம் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்துவிட்டது. இறக்கிக்கொண்டால் உங்களுடையது. யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

பகடைமாறி, நீங்கள் முதலில் அதைப் படித்துவிட்டு பிறகு 30 டாலரைப் பற்றி யோசியுங்கள்.

அச்சுக்கோப்பான்

இதில்தான் எனக்குச் சுவாரசியம். நெதிஸ் தளத்தில் எல்லாம் இலவசம் என்றால் பைசோ புத்தகங்கள் விற்கவே கூடாது. ஆனால் விற்கின்றன. ஓவியம், ஒழுங்காக வரிசைப்படுத்திய வாசிப்பு, சாகசங்கள், கையில் ஒரு பொருள் என்று காசு கொடுக்க வேறு காரணங்கள் இருக்கின்றன. விதிகளைப் பூட்டி வைப்பதால் விலை ஏறுவதில்லை.

ஆனால் சிறியவர்கள் நிலை வேறு. ஒருவரே எழுதி, ஒருவரே வடிவமைத்து, 30 பக்க ஆட்டத்தை, சிறு படைப்பாளிகள் விற்கும் இட்ச் தளத்தில் 5 டாலருக்கு வைத்தால் "30 பக்கத்துக்கு ஐந்தா?" என்று கேட்பார்கள். அதே ஆட்கள் ஒரு தடவை விளையாடிவிட்டு மறக்கும் பலகை ஆட்டத்துக்கு 40 டாலர் கொடுப்பார்கள். பக்கத்தை எண்ணி விலை பேசும் பழக்கம் இந்தத் துறையைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் தேவையில்லாமல் 300 பக்கத்துக்கு ஊதிப்போன புத்தகங்கள் வருகின்றன. ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் ஒரே பக்கம்! அதை வைத்து ஒரு மாலையே போகும்.

பழம்பதிப்பு

பண்டில்களையும் (பல படைப்புகளை ஒன்றாகக் கட்டி விற்பதையும்) சொல்லுங்கள். 2020 ஜூனில் இட்ச் போட்ட இன நீதிக்கான பண்டிலில் குறைந்தபட்சம் 5 டாலர் கொடுத்தால் 1,700-க்கு மேற்பட்ட படைப்புகள். பெரும்பாலும் கணினி ஆட்டங்கள், நடுவில் நிறைய டேபிள்டாப் (மேசை ஆட்டங்கள்). 80 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது, நல்ல காரியத்துக்குப் போனது. பண்டில் ஆஃப் ஹோல்டிங் தளமும் 2013-இலிருந்து இப்படித் தொகுத்துத் தொகுத்து விற்கிறது. விளைவு? என் கணினியில் திறக்காத பிடிஎஃப் மலை போலக் கிடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு தனி பிடிஎஃப் 20 டாலர் என்று பார்த்தால் கை தானாகப் பின்னால் போகிறது. "பண்டிலில் வரும்வரை பொறுப்போம்" என்று மனசு சொல்கிறது. எழுதுகிறவர்களுக்கு இது நல்லதில்லை என்று தெரிந்தும்தான்.

மெட்ராஸ்_மேஜ்

இதுவரை யாரும் தொடாத ஒன்று. ஸ்டீம் இணையக் கடையில் கணினி ஆட்டங்களுக்கு ரூபாயில், நம் ஊருக்கென்று குறைத்த விலை பல நேரம் இருக்கிறது. ஆர்பிஜி புத்தகத்துக்கு உலகம் முழுக்க டாலர் விலை ஒன்றுதான். ஓஹையோவில் இருப்பவருக்கு 30 டாலர் என்பது ஓரிரு மணி நேரச் சம்பளம். இங்கே ஒரு கல்லூரி மாணவனுக்கு அது மாத மெஸ் கட்டணத்தில் பெரிய பங்கு. 60 சதவீதமா 20 சதவீதமா என்று நீங்கள் அடித்துக்கொள்வதெல்லாம் அமெரிக்க அட்டை விலையை வைத்துத்தான். அது எனக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கு.

இட்சில் சிலர் கம்யூனிட்டி காப்பி என்று வைக்கிறார்கள். யாரோ காசு கொடுத்து வாங்கினால், வாங்க முடியாதவருக்கு ஒரு பிரதி இலவசமாக ஒதுங்கும். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியும் வைத்திருப்பார்கள். தனியாள் எழுத்தாளர்களுக்கு இது தோன்றுகிறது, 14.63 கோடி டாலர் கொடுத்து 2022-இல் பியாண்டை வாங்கிய, விஸார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவுக்குத் தோன்றவில்லை.

டொராண்டோ_ட்ரூயிட்

மேஜ் சொன்னதில் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். இங்கேயுள்ளவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளையும் கேளுங்கள், வயிறு எரியும். பிட்ஸ் அண்ட் மோர்ட்டார் என்று ஒரு ஏற்பாடு 2010-இலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த கடையில் அச்சுப் புத்தகம் வாங்கினால் பிடிஎஃப் இலவசம். ஹேண்ட்புக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: அச்சும் டிஜிட்டலும் சேர்த்து 59.99 டாலருக்குப் போட்டார்கள். அப்படியென்றால் அச்சு வாங்குகிறவனுக்கு டிஜிட்டலின் விலை 10 டாலர். அச்சு வாங்க முடியாத தூரத்தில் இருப்பவனுக்கு அதே டிஜிட்டல் 30 டாலர்!

குகைவாசல்

இது நியாயமான அடி. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இலவசக்_காவலன்

மறுவிற்பனையும் கிடையாது. அச்சுப் புத்தகத்தைப் படித்து முடித்து பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். மின்னூலில் அது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2019 டிசம்பரில் டாம் கபினெட் வழக்கில் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம்: டிஜிட்டல் பொருளை விற்கும்போது, கிடைப்பது உரிமம் மட்டுமே என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி இணையமில்லாமல் வைத்துக்கொள்ளக் கூடிய கோப்புக்கு விலக்கு உண்டு. பிடிஎஃப்புக்கும் பியாண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டமே பிரித்துக் காட்டிவிட்டது.

எட்டாம்_நிலை_ரோக்

விடிடி (இணையத்தில் ஆட உதவும் மெய்நிகர் மேசை மென்பொருள்) பக்கம் வந்தால் இன்னும் கூத்து. இணைய மேசையில் ஆட ரோல்20-இல் அதே புத்தகத்தை மறுபடி வாங்க வேண்டும். அலமாரிக்கு ஒன்று, பியாண்டுக்கு ஒன்று, ரோல்20-க்கு ஒன்று. எழுத்து ஒன்றுதான்! நான் இதனால்தான் ஃபவுண்ட்ரிக்குப் போனேன். மென்பொருளுக்கு ஒரே தடவை 50 டாலர், சந்தா இல்லை, என் கணினியிலேயே ஓடும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிகள் அதற்குள் இலவசமாகவே வருகின்றன. முதல் மாதம் அமைப்பதற்குக் கொஞ்சம் மண்டை காயும், அவ்வளவுதான்.

பகடைமாறி

நிறைய கிடைத்தது, நன்றி. குழுவிலும் பேசிவிட்டேன். 30 டாலர் அதிகம் என்ற கட்சியில் இன்னும் உறுதியாக நிற்கிறேன், ட்ரூயிட் சொன்ன 10 டாலர் கணக்கைக் கேட்ட பிறகு இன்னும் கூடவே. எஸ்ஆர்டி 5.2-ஐ இறக்கி எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது. முதல் மூன்று நிலை வரை அதிலேயே ஓட்டுகிறோம். அதற்குப் பிறகும் ஆட்டம் நிற்காமல் ஓடினால் ஹேண்ட்புக் மட்டும், ஐந்து பேரும் பங்கு போட்டு.

ஒரு சந்தேகம். எஸ்ஆர்டியில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு சப்கிளாஸ்தானே இருக்கிறது? எங்கள் குழுவில் வார்லாக் கிளாஸை எடுத்தவர் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இலவசக்_காவலன்

ஆமாம், கிளாஸுக்கு ஒன்றுதான். வார்லாக்குக்கு ஃபீண்ட். சப்கிளாஸ் தேர்வே மூன்றாம் நிலையில்தான் வருகிறது. அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அச்சுக்கோப்பான்

மூன்றாம் நிலை வந்ததும் ஓவியர்களுக்கும் கொஞ்சம் காசு போகட்டும். அந்த டிராகன் படங்களை யாரும் இலவசமாக வரையவில்லை.